வெற்றிலையைத் தின்ற விருந்தாளி

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. இதை நான் உரக்கச் சொல்வதில்லை (எதற்கு வம்பு?). ஆனால் மனத்துக்குள் மிக உறுதியாகச் சொல்லிக்கொள்வேன். ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பொருளில் குறை இருக்கிறதா இல்லையா என்று அளந்து பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அளக்க முடியாத எதையும் நம்பாதே என்று மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பாடம் எடுத்தவன். அப்படிப்பட்ட நான், அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால், மேலே பட்டு ஜிப்பாவும் கீழே வேலைக்குப் போடும் கால்சட்டையுமாக உட்கார்ந்து, சமையலறைக்குள்ளிருந்து வந்த சத்தத்துக்கு "அது வாஷிங் மெஷின்" என்று புளுகினேன்.

என் மகள் யாழினி ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். அவளும் தினேஷும் விரும்பி, இரண்டு வீட்டிலும் சொல்லி, கடைசியில் அவன் வீட்டார் முறைப்படி தட்டோடு வருகிறோம் என்று நாள் குறித்தார்கள். அவர்கள் இருப்பது சிம்பாங் அம்பாட்டில். நாங்கள் பாயா ரும்புட்டில், ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஓர வீடு. அரை மணி நேரப் பயணம். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு நாங்கள் ஒரு மாதமாகத் தயாரானோம். காரணம், யாழினி சொன்ன ஒரு விஷயம்.

"அப்பா, தினேஷ் அம்மா ரொம்ப சகுனம் பாக்கறவங்க. முன்னாடி அவங்க சொந்தத்துல ஒரு எடத்துக்குப் பொண்ணு கேட்டுப் போறப்ப பூனை குறுக்க வந்துச்சாம். காடியத் திருப்பிட்டாங்களாம்."

"திருப்பிட்டு?"

"திருப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்தக் கல்யாணம் அதோட முடிஞ்சிச்சு."

என் மனைவி செல்வி அன்றிலிருந்து தூங்கவில்லை. அவள் தூங்காததால் நானும் தூங்கவில்லை. எங்கள் சாலையில் அலையும் பூனைகளைப் பக்கத்துச் சாலைக்குக் குடிபெயர்க்க, கருவாட்டுத் தலைகளை அந்தச் சாலை முனையில் கொண்டுபோய்ப் போட்டு வந்தேன். (நம்பிக்கை இல்லாதவன் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். மகள் கல்யாணம்.) பல்லிக்காகச் சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றித் துடைத்தோம். தும்மல் வரக்கூடாது என்று எனக்கு முந்தின நாளே மாத்திரை கொடுக்கப்பட்டது. சகுனத்தின் பட்டியலில் எங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தோம்.

ஆமைக்கு மட்டும் ஏற்பாடு செய்யவில்லை.

சனிக்கிழமை காலை, வாசலைக் கழுவலாம் என்று கதவைத் திறந்தேன். திறந்தவன் அப்படியே நின்றேன். கவிழ்த்து வைத்த பெரிய குழம்புச் சட்டி அளவில் ஓர் ஆமை, எங்கள் வீட்டு நிலைப்படியில் முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு, பின்னங்கால் வெளியே கிடக்க, கழுத்தை நீட்டி என்னை ஏறிட்டுப் பார்த்தது. 'நீ என்ன, வழி விடுவாயா மாட்டாயா?' என்பது போன்ற பார்வை.

ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்பது எங்கள் ஆட்களிடம் தொன்றுதொட்டு இருக்கும் பயம். நான் பிறந்த அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துப் பக்கம் ஆமை தலைகாட்டினால் பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு ஓடிவருவார்கள். ஆண்கள் மசாலாவோடு ஓடிவருவார்கள். எப்படியும் ஆமை வீட்டுக்குள் போகாது. அன்று எனக்கு இரண்டுமே தோன்றவில்லை. "செல்வி!" என்று கத்த மட்டும் தோன்றியது.

செல்வி வந்து பார்த்தாள். அலறவில்லை. அலறியிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டாள்:

"உள்ள வந்துருச்சா, வரலையா?"

"பாதி."

"பாதின்னா என்னாங்க கணக்கு? முன்னங்கால் உள்ள, பின்னங்கால் வெளிய. இது வந்ததா, வரலையா?"

காற்பந்தில் பந்து கோட்டை முழுதாகத் தாண்டினால்தான் கோல். அதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு ஆமையின் பார்வையே தேவலை போல இருந்தது. சரி, கோல் விழுவதற்குள் தடுத்துவிடலாம் என்று விளக்குமாற்றை எடுத்து அதன் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஆமைகள் பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். இது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இழுத்துக்கொண்டு, கண்மண் தெரியாத வேகத்தில், நேரே நடந்து வீட்டுக்குள் வந்துவிட்டது.

"கோல்," என்றது ஒரு குரல். இல்லை, அப்படிச் சொல்லவில்லை, எனக்கு அப்படிக் கேட்டது. வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஆ ஹோக் அங்கிள் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சீனர், ஓய்வுபெற்ற மெக்கானிக். ஆமை என்றால் அவர்களுக்கு நீண்ட ஆயுள், அதிர்ஷ்டம்.

"வா! குரா-குரா மாசோக் ரூமா! ஓங் லா, ஓங்!" என்று இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டினார். ஆமை வீட்டுக்கு வந்துவிட்டதாம், இனி எங்களுக்கு யோகமாம்.

ஒரே ஆமை. வேலிக்கு அந்தப்பக்கம் யோகம், இந்தப்பக்கம் நாசம். வேலியைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போயிருக்கக் கூடாதா சனியன்?

யாழினி தலையில் துண்டோடு வந்து நின்றாள். இந்தக் காலத்துப் பிள்ளை அல்லவா? வீட்டுக்குள் ஆமை வந்திருக்கிறது, அதற்குள் கைபேசியை எடுத்து, வழிதவறி வந்த ஆமையை என்ன செய்ய வேண்டும் என்று தேடிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தூரமாக் கொண்டுபோய் விடக் கூடாதாம்ப்பா. யாராச்சும் வளக்கறதா இருக்கலாமாம். அக்கம்பக்கத்துல கேக்கணுமாம். நெழல்ல வைக்கணுமாம். அப்புறம்..."

"பொண்ணு கேட்டு வர்றன்னைக்கு வந்தா என்ன செய்யணும்னு போட்டிருக்கா?"

"அது போடல."

"அப்ப மூடி வை."

வெளியே வைக்கலாம் என்றால் வாசலில்தான் விருந்தாளிகளின் காடி வந்து நிற்கும். சாலையில் விட்டால் லாரியில் மாட்டும் என்று யாழினி கண் கலங்கினாள். தூக்கிக்கொண்டு எங்காவது போய் வரலாம் என்றால் நேரம் இல்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும் நாட்களில்தான் எங்கள் வீட்டில் எல்லா விபத்தும் நடந்திருக்கிறது.) ஆமைக்கு என்ன பிடிக்கும்? தண்ணீர். எங்கள் குளியலறையில் பழைய வீட்டுக்காரர் கட்டிவிட்டுப் போன ஓடு பதித்த தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் விட்டுவிட்டால் சத்தம் போடாமல் நீந்திக்கொண்டிருக்கும். விருந்தாளிகள் போனதும் நிதானமாக உரிமையாளரைத் தேடலாம்.

தூக்கினேன். அரிசி மூட்டைக்குக் கால் முளைத்து அந்தக் கால்கள் நம் வயிற்றில் உதைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. விருந்தாளிகளுக்காக முன்கூட்டியே உடுத்தியிருந்த புது வேட்டியோடு தள்ளாடிக்கொண்டு போய், தொட்டியில் மெதுவாக இறக்கினேன்.

நீந்தவில்லை. கல்லைப் போட்டதுபோல் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. நாலு காலையும் உதறியது. மேலே குமிழி வந்தது.

"பாருடா, முங்கு நீச்சல்," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் யாழினி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"அப்பா! இது தரை ஆமை! நீச்சல் தெரியாது! செத்துரும்ப்பா, தூக்குங்க, தூக்குங்க!"

வேட்டியோடு தொட்டிக்குள் இறங்கினேன். நான் பிடித்தேன், அது வழுக்கியது. அவள் பிடித்தாள், நான் வழுக்கினேன். ஒருவழியாக வெளியே எடுத்தபோது அது வாயைத் திறந்து மூச்சு விட்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அதுவும் மறக்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

"அதத்தான் அப்புறம்னு படிக்க வந்தேன்," என்றாள் யாழினி, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "தண்ணில போடாதீங்கன்னு போட்டிருக்கு. நீங்கதான் மூடி வைன்னீங்க."

ஆக, இருபது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவனுக்கு நீர் ஆமைக்கும் தரை ஆமைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. துடுப்பு மாதிரி இல்லாமல் யானைக்கால் மாதிரி கால் இருக்கிறதே என்றுகூடவா பார்க்க மாட்டீர்கள் என்று கேட்டாள். பார்த்தேன். வயிற்றில் உதை வாங்கும்போது பார்த்தேன். அப்போது வேறு யோசனையில் இருந்தேன்.

புது வேட்டி போச்சு. இன்னும் போடாத ஜிப்பா மட்டும் தப்பியது. இன்னொரு வேட்டி கொடியில் ஈரமாகத் தொங்கியது. அலமாரியில் இஸ்திரி போட்டிருந்தது என் வேலைக் கால்சட்டை ஒன்றுதான்.

நான் உடை மாற்றிவிட்டு வருவதற்குள் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில், ஆமையை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வி அதற்குள் தனக்குத் தெரிந்த பரிகாரத்தைச் செய்திருந்தாள். ஓட்டின் உச்சியில் மஞ்சள் தடவி, நடுவில் பெரிதாகக் குங்குமப் பொட்டு.

"என்ன செல்வி இது?"

"வந்தது வந்துருச்சு. இனி தொரத்துனா கோவிச்சுக்கும். பெருமாள்கூட ஒருக்கா ஆமையாத்தானே வந்தாரு? அவரா நெனச்சு வச்சுட்டேன். நீங்க வாயத் தொறக்காம இருங்க."

இதற்கு நடுவில் ஆ ஹோக் அங்கிள் முன்வாசல் வழியாக, யாரையும் கேட்காமல், சமையலறை வரை வந்துவிட்டார். வந்தவர் ஆமையைக் கும்பிட்டு, அதன் முதுகைத் தடவி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்து ஓட்டின் பின் ஓரத்தை உற்றுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. கையில் எதையோ எழுதிக்கொண்டு ஓட்டமாகத் திரும்பிப் போனார். யோகம் வந்த இடத்திலெல்லாம் அவருக்கு நாலு நம்பர் தெரியும். லாட்டரிக் கடையில் போய் எழுதுவார். மரத்தில் தெரியும், விபத்தான காடியில் தெரியும், ஒருமுறை நான் விழுந்து முழங்காலில் தழும்பு வந்தபோது அதிலும் தெரிந்தது. ஆகவே நான் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போன மாதமே கழன்றுவிட்டது. (சரிசெய்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.) கதவைச் சாத்தி, காலி கேஸ் தோம்பு (சிலிண்டர்) ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வாசலில் காடி நிற்கும் சத்தம் கேட்டது. குறித்த நேரம், ஒரு நொடி பிசகவில்லை. இப்படி நேரம் பார்க்கிற பெண்மணி வேறு எதையெல்லாம் பார்ப்பார்?

தினேஷின் அம்மா, சரோஜா அம்மாள், முன்னால் வந்தார். மெரூன் பட்டு, வாரி முடிந்த கொண்டை, இறுகிய முகம். வலது காலை எடுத்து வைத்து, நிலைப்படியைப் பார்த்து, உள்ளே வந்தார். நிலைப்படியை ஏன் பார்த்தார்? ஆமைத் தடம் தெரிந்ததோ? அவருக்குப் பின்னால் தட்டுகளோடு தினேஷ். கடைசியாக அவன் அப்பா. மனிதர் பேசுவதே இல்லை. உட்கார்ந்ததும் முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள் செல்வி.

"ஆச்சுங்க," என்றார் சரோஜா அம்மாள். வழக்கமாக நான் பேச்சை ஆரம்பிப்பேன். அரசியல், சாலைப் பள்ளம், விலைவாசி என்று ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே இருக்கும் நாற்காலிகூட என்னிடம் வாயை மூடச் சொல்லும். அன்று வாயே திறக்கவில்லை. எதையாவது சொல்லி அதில் அபசகுனமாக ஒரு வார்த்தை வந்துவிட்டால்? மேலே ஜிப்பாவைப் பார்த்துவிட்டுக் கீழே என் கால்சட்டையைப் பார்த்த சரோஜா அம்மாள் ஏதோ கேட்க வந்தார். கேட்காமல் விட்டார்.

நடுக்கூடத்துப் பாயில் தட்டுகள் வரிசையாக வைக்கப்பட்டன. பழம், பூ, தேங்காய், சர்க்கரை, நடுவில் வெற்றிலை பாக்கு. எங்கள் வழக்கத்தில் அந்த வெற்றிலைத் தட்டுதான் விஷயமே. அவர்கள் நீட்ட வேண்டும், நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிவிட்டால் சம்மதம். மற்ற பேச்செல்லாம் பேச்சுக்குத்தான்.

டொக்.

சமையலறைப் பக்கமிருந்து வந்தது.

டொக். டொக். பிறகு, தரையில் இரும்பு இழுபடும் நீண்ட சத்தம்.

"அது என்னாங்க சத்தம்?" என்றார் சரோஜா அம்மாள், நிமிர்ந்து.

"வாஷிங் மெஷின்," என்றேன் நான்.

"பக்கத்து வீட்டுல ரெனவேசன்," என்றாள் செல்வி அதே நொடியில்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின்," என்று நான் சமாதானமாக ஒன்றைச் சொல்லி வைத்தேன். யாழினி கண்ணை மூடிக்கொண்டாள். தினேஷின் அப்பா முறுக்கைக் கடித்தார்.

"நேரம் போகுது, வெத்தல மாத்திக்கலாமே," என்று அவசரமாகச் சொன்னேன். சரோஜா அம்மாளும் ஏனோ அவசரமாக, "ஆமாங்க, ஆமாங்க, சீக்கிரம் மாத்திருவோம்," என்றார். எல்லோரும் எழுந்து சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நான் அன்று கும்பிட்டதுபோல் என் வாழ்நாளில் கும்பிட்டதில்லை. இந்தப் பத்து நிமிஷம் மட்டும், கடவுளே, அந்தக் கேஸ் தோம்பு நகராமல் பார்த்துக்கொள்.

கண்ணைத் திறந்து திரும்பினேன்.

பாயின் நடுவில், நெற்றியில் என்று சொல்ல முடியாது, முதுகில் மஞ்சள் குங்குமத்தோடு, ஆமை நின்றுகொண்டிருந்தது. வெற்றிலைத் தட்டில் முன்னங்கால் ஒன்று. வாயில் வெற்றிலை. அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, காம்பைக்கூட விடாமல் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் எவ்வளவு நேரம் கும்பிட்டோமோ தெரியவில்லை, தட்டில் பாக்கு மட்டும்தான் மீதி. கடைசி வெற்றிலையின் நுனி அதன் வாயோரத்தில் ஆடி, உள்ளே போனது.

என் மகளின் கல்யாணம் ஓர் ஆமையின் தொண்டைக்குள் இறங்குவதை நான் நின்று பார்த்தேன்.

செல்வி மெல்ல அழ ஆரம்பித்தாள். நான் பேச வேண்டும் என்று தெரிந்தது. "அம்மா, இது எங்க ஆமை இல்ல," என்றேன். அதைவிடச் சிறந்த வார்த்தை கிடைக்கவில்லை. "காலையிலதான் வந்துச்சு. நான் வெளிய தள்ளத்தான் பாத்தேன். பாதிதான் வந்துச்சு. நீங்க பாத்து மனசு வச்சு..."

சரோஜா அம்மாள் கையை உயர்த்தினார். அவர் முகம் சிவந்திருந்தது. உதடு துடித்தது. 'அவ்வளவுதான், காடியைத் திருப்பப் போகிறார்' என்று நினைத்தேன்.

"எல்லாத்தையும் தின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அடியில இருந்ததையும்?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துச் செல்வி தண்ணீர் எடுக்க ஓடினாள். அழவில்லை. சிரித்தார். பட்டுப் புடவை நலுங்க, கண்ணில் நீர் வர, மூச்சு முட்டச் சிரித்தார்.

"சம்பந்தி," என்றார் (அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது), "அந்த வெத்தல மேல நான் காடில உக்காந்துட்டேன் சம்பந்தி!"

"என்னாது?"

"சீட்டுல வச்சிருந்தத மறந்து மேலயே உக்காந்துட்டேன். பாயா ரும்புட் சிக்னல்லதான் பாத்தேன். எல்லாம் நசுங்கிப் போச்சு. மேல நல்லதா நாலு வச்சு மறைச்சுக் கொண்டாந்தேன். நீங்க கையில வாங்கிப் பாத்தா என்ன நெனப்பீங்களோன்னு எனக்கு வந்ததுலேர்ந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது. நீங்க வேற ரொம்ப சகுனம் பாக்கற மனுசர்."

"பின் பக்கம் வைன்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார் தினேஷின் அப்பா. அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. "யாரு சகுனம் பாக்கற மனுசர்?"

"நீங்கதானே? நல்ல நேரம் ஒரு நிமிசம் தாண்டுனாலும் கதவையே தொறக்க மாட்டீங்கன்னு தினேஷ் சொன்னான். நான் எங்க போனாலும் ஒரு மணி நேரம் லேட்டாப் போறவ. உங்களுக்குப் பயந்துதான் விடியக்காலயே எழுந்து ஓடியாந்தேன். அந்த அவசரத்துலதான் வெத்தல மேல உக்காந்தது."

"அம்மா, பூனை குறுக்க வந்துச்சுன்னு நீங்க காடியத் திருப்பினீங்களாமே?" என்றாள் செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எந்தப் பூனை? எங்க வீட்லயே அஞ்சு பூனை இருக்கு!"

நான்கு பெரியவர்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். யாழினியும் தினேஷும் சுவரோரமாக நின்று ஆமையை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாழினி," என்றேன்.

"நான் என்னப்பா செய்யறது? நீங்க சும்மா இருந்தா எதையாச்சும் ஒளறிடுவீங்க. போன வாட்டி மாமா வீட்டுல அரசியல் பேசி அவரு சாப்பிடாமலே எழுந்துட்டாரு. உங்களுக்குப் பயம் இருந்தாத்தான் அமைதியா இருப்பீங்க. அதான்..."

"நீ?" என்றார் சரோஜா அம்மாள் மகனிடம்.

"நீங்க லேட்டா வருவீங்கல்ல லா, மா," என்றான் அந்தத் தங்கமகன்.

ஒரு மாதம். தூக்கம் போச்சு, கருவாட்டுத் தலை போச்சு, வேட்டி போச்சு, தும்மலைக்கூட மாத்திரை போட்டு அடக்கினேன். எதற்கு? இரண்டு பிள்ளைகள் பெற்றவர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மிரட்டி உட்காரவைக்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அதைக் காட்ட முடியவில்லை. ஏனென்றால் அந்தத் திட்டம் பலித்திருந்தது. நான் அதுவரை அரசியலில் ஒரு வார்த்தை உளறவில்லை, அவர் ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து ஆ ஹோக் அங்கிள் மறுபடியும் உள்ளே வந்தார். கையில் நம்பர் எழுதிய சீட்டு. விருந்தாளிகளுக்கு வணக்கம் வைத்துவிட்டு, ஆமையின் பின் ஓரத்தை மறுபடி பார்த்து, முன்னால் இருக்கிற நம்பரையும் எழுதலாமா என்று யோசிப்பதாக மலாயில் சொன்னார்.

"முன்னால் இருக்கிற நம்பரா?"

"டெலிபோன் நோம்போர் லா. பாஞ்சாங். சாயா அம்பில் பெலாகாங் சாஜா." நீளமான தொலைபேசி எண்ணாம். அவர் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாராம்.

குனிந்து பார்த்தேன். தொட்டியில் சேறு கரைந்த இடத்தில், கறுப்பு மையில், யாரோ கைபேசி எண்ணைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். உரிமையாளரின் எண். காலையிலேயே இவர் வாயைத் திறந்திருந்தால், விருந்தாளிகள் வருவதற்குள் ஆமை அதன் வீட்டில் இருந்திருக்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டினார்.

அழைத்த சற்று நேரத்தில் இரண்டு சாலை தள்ளியிருந்து காக் ரோஸ்னா என்ற மலாய்க்காரப் பெண்மணி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "மானிஸ்! மானிஸ்!" என்று கூப்பிட்டபடி ஓடிவந்து ஆமையைக் கட்டிக்கொண்டார். விடியற்காலையிலிருந்து சாக்கடை சாக்கடையாகத் தேடினாராம். குங்குமப் பொட்டைப் பார்த்து, அழகாக இருக்கிறது, அழிக்க மாட்டேன் என்றார். போகும்போது, மானிஸ் பெண் என்றும், வெற்றிலை அதற்கு ஒன்றும் செய்யாதா என்று மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னார். (ஒன்றும் செய்யவில்லை.)

பிறகு எங்கள் வேலியில் படர்ந்திருந்த வெற்றிலைக் கொடியில் நானே போய்ப் பறித்து வந்தேன். சரோஜா அம்மாள் அதைத் தட்டில் வைத்து நீட்டினார். நான் வாங்கக் கையை நீட்டினேன். அப்போது அவர் தட்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, "இருங்க சம்பந்தி, ஒரு சந்தேகம்," என்றார். "எம் மகனுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்கு வந்து வெத்தல எடுத்தது அந்த ஆமைதானே? அப்ப முறைப்படி அதுதானே உங்க மூத்த மாப்பிள்ளை? எம் மகன் ரெண்டாவதுதானே?"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. காக் ரோஸ்னா குடும்பத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆ ஹோக் அங்கிள் எழுதிய நம்பர் விழவே இல்லை. அதற்கு நான் ஆமையைத் தண்ணீரில் போட்டதுதான் காரணம், யோகம் கரைந்துவிட்டது என்று இன்றும் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து முறைக்கிறார்.

என்னைக் கேட்டால் நான் இன்னும் முழுதாகத் தேறவில்லை. தாழ்ப்பாள் மாற்றிவிட்டேன். காலையில் கதவைத் திறப்பதற்கு முன் ஜன்னல் வழியாக நிலைப்படியைப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். மகள் எதைச் சொன்னாலும் அதில் பூனை இருக்கிறதா என்று தேடுகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மாப்பிள்ளைகள். தீபாவளிக்குச் சரோஜா அம்மாள் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு கட்டு காங்கோங் கீரையும் செம்பருத்தியும் வெற்றிலையும் தனித் தட்டில் வைத்துக் கொண்டுவருவார். அதுதான் முதல் தட்டு. தினேஷுக்கு அடுத்ததுதான். மானிஸ் பெண் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்வதில்லை. "மாப்பிள்ளையப் பத்தி அப்படியெல்லாம் பேசாதீங்க சம்பந்தி," என்பார்.

போன தீபாவளிக்கு எல்லோரும் சேர்ந்து காக் ரோஸ்னா வீட்டுக்குத் தட்டோடு போனோம். சரோஜா அம்மாள் நீட்டிய வெற்றிலையை மானிஸ் தின்றது. செல்வி நீட்டியதைத் தின்றது. தினேஷ் நீட்டியதைக்கூட, போனால் போகிறதென்று, தின்றது. நான் குனிந்து ஒன்றை நீட்டினேன். கழுத்தை நீட்டி என்னை அடையாளம் பார்த்தது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, மெதுவாக முழுதும் திரும்பி, முதுகைக் காட்டி நின்றுவிட்டது.

எனக்கு நிஜமாகவே முகம் வாடிவிட்டது. சரோஜா அம்மாள் என் தோளைத் தட்டினார்.

"மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி. முதல் நாளே மாமனாரு புடிச்சுத் தண்ணில முக்குனா, எந்த மாப்பிள்ளைக்குத்தான் கோவம் போகும்?"